அச்சில் வந்த செய்தி

ஜெராக்ஸ் கடை மேஜையில் ஒரு செல்போனும் ஒரு பிரிண்டரும் இருந்தன. "மரகதம் கடை இட்லி மாவில் சுண்ணாம்பு" என்று செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதைப் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் அதையே பிரிண்டரில் எடுத்துப் பஸ் ஸ்டாப்பில் ஒட்டினார். மறுநாள் மரகதம் கடையில் ஈ ஓட்டினாள்.

"நீயும்தானே சொன்னாய், என்னை மட்டும் ஏன் நம்பினார்கள்?" என்றது பிரிண்டர்.

"நான் நாள் முழுக்க உளறுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். நீ சொன்னால் அச்சில் வந்ததாயிற்றே" என்றது செல்போன்.

சாயங்காலம் மரகதம் மறுப்பு எழுதிக்கொண்டு வந்தாள்.

"செல்லுலயே அனுப்பிடலாமே அக்கா" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம் தம்பி, அச்சுல குடுங்க. அதைத்தான் நம்புவாங்க" என்றவள், பிரிண்டர் மேல் வாஞ்சையாகக் கையை வைத்துக் காத்திருந்தாள்.

அந்தக் கை பட்ட இடமெல்லாம் பிரிண்டருக்குக் கூசியது.