வெறும் முகம்

“முகத்தைத் துடைச்சிட்டு வந்து இப்படி ஜன்னல்கிட்ட உட்காரு.”

மாமியார் சொன்னதைக் கேட்டதும், மருமகளின் கையிலிருந்த ஸ்பாஞ்ச் கன்னத்திலேயே நின்றுவிட்டது. பாதி முகத்துக்குத்தான் ஃபவுண்டேஷன் பூசியிருந்தாள்.

“இப்பவா அத்தை? ஒன்பது மணிக்கு நான் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கணும்.”

“அஞ்சு நிமிஷம் லேட்டானா குடி முழுகிடாது. துடை.”



மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இன்றோடு ஆறு நாள். தினமும் காலையில் மகன் வேலைக்குக் கிளம்பிய கையோடு, கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுநடுவே கேள்வி வேறு.

“இது எதுக்கு?”

“கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்குமே, அதை மறைக்க அத்தை.”

“அந்தப் பச்சை?”

“சிவந்திருந்தா அதை அடக்கறதுக்கு.”

“தினம் ஏதாவது மறைச்சுக்கிட்டே இருக்கணுமா உனக்கு?”

மேக்கப் என்றால் அவளுக்கு உயிர். மேல் இழுப்பறையில் மட்டும் நாற்பத்திரண்டு லிப்ஸ்டிக், வெளிர் ரோஜாவில் தொடங்கி கறுத்த திராட்சை நிறம் வரை வரிசையாக. அதில் பதினொன்றை இதுவரை உதட்டில் வைத்ததே இல்லை. நுனி மழுங்காமல் இருப்பதைத் திறந்து பார்த்து மூடுவதிலேயே மனசு நிறைந்துவிடும். பகல் முழுக்க யார் யாரோ எரிந்து விழுவதற்கெல்லாம் சிரித்துப் பதில் சொல்லியாக வேண்டிய முகம் அது. காலையில் இந்த இருபது நிமிடம்தான் அது அவளுக்கே அவளுக்காக இருக்கும். இப்போது அந்த இருபது நிமிடத்துக்கும் காவல்.

போதாக்குறைக்கு நேற்று மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். “உங்க மாமியார் வந்து விசாரிச்சாங்க. ராத்திரியில உங்க வீட்லேருந்து சத்தம் கேக்குமா, நீங்க எப்பவாவது அழுது பாத்திருக்கேனான்னு. என்ன விஷயம்?”

என்ன விஷயம் என்று அவளுக்கு மட்டும் தெரியுமா? ஏதோ குற்றப்பத்திரிகை தயாராகிறது என்பது மட்டும் புரிந்தது.

பஞ்சை எண்ணெயில் நனைத்து முகம் முழுவதும் துடைத்தாள். அவசரத்தில் ஒரு துளி கண்ணில் பட்டு எரிந்தது. தண்ணீரில் கழுவி, வெறும் முகத்தோடு ஜன்னலருகே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

மாமியார் அறைக் கதவைத் தாழிட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மருமகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெற்றி, கண்ணோரம், காதுக்குப் பின்னால், கழுத்து என்று ஓரிடம் விடாமல் பார்த்தார். பிறகு அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவளுக்குத் தாங்கவில்லை.

“என்ன அத்தை தேடறீங்க? ஏதோ தோல் வியாதியை மறைச்சு உங்க பையனைக் கட்டிக்கிட்டேன்னு யாராவது சொன்னாங்களா?”

“பேச்சை மாத்தாதே. என்னைப் பாத்துச் சொல்லு. என் பையன் உன்மேல கை வைக்கிறானா?”

அவள் திகைத்துப்போனாள். இதற்குத்தானா இத்தனை கேள்வி?

“யாரு, அவரா?” சிரிப்பு பீறிட்டது. “கரப்பான்பூச்சி வந்தாக்கூட கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைத்தான் அடிக்கச் சொல்வாரு அத்தை!”

“சிரிக்காதே. கோவம் வந்தா?”

“கோவம் வந்தா பேச மாட்டாரு. ஒரு மணி நேரம் உம்முனு இருப்பாரு. அப்புறம் அவரே வந்து காபி வேணுமான்னு கேப்பாரு.”

“பயந்துக்கிட்டுச் சொல்லலையே?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப இதெல்லாம் எதுக்கு?” மேஜைமேல் இருந்த டப்பாக்களைக் காட்டினார் மாமியார்.

“பிடிச்சிருக்கு அத்தை. அவ்வளவுதான்.”

“எதையும் மறைக்க இல்லையா?”

“மூக்குமேல ரெண்டு பரு. வேற ஒண்ணுமில்ல.”

மாமியார் நீளமாக மூச்சு விட்டு, கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆறு நாளாக இறுகிக் கிடந்த முகம் மெல்ல இளகியது.

அவளுக்கும் பாரம் இறங்கியது. பெற்ற பிள்ளையையே சந்தேகப்பட்டு, தனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்தாள். கூடவே, இனி காலை நேரம் பழையபடி தனக்குக் கிடைக்கும் என்ற நிம்மதியும் எட்டிப் பார்த்தது.

“இதுக்காகவா அத்தை இத்தனை நாளா உங்களையே போட்டு வருத்திக்கிட்டீங்க? முதல் நாளே கேட்டிருக்கலாமே. எப்ப கிளம்பறீங்கன்னு சொல்லுங்க, டிக்கெட் எடுக்கச் சொல்றேன். பாவம், மாமா அங்க தனியா இருப்பாரு.”

மாமியார் தன் ரவிக்கையின் நீளக் கையை மெதுவாகத் தோள்வரை சுருட்டினார். ஐந்து விரலும் பதிந்து, கன்றிப்போய்க் கிடந்தது சதை.

“இவனும் அவங்க அப்பா மாதிரியே இருந்தா, நான் வேற எங்கம்மா போவேன்? அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஆறு நாளா உன் முகத்தையே பாத்துட்டிருந்தேன்.”