திரை முழுக்கக் கஸ்தூரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தப் பிளாஸ்டிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதுச் சரக்கின் மூடியில் மனைவி பெயரைப் போட வேண்டும் என்று முதலாளி கஜபதி ஒற்றைக் காலில் நின்றார். தமிழ் எழுத்தைப் படத்துக்குள் கொண்டுவந்தால் கட்டம் கட்டமாகத்தான் விழுந்தது. கம்ப்யூட்டரில் படம் வரையும் ஜெயபால் ஒவ்வொரு வளைவாக இழைத்துச் சரிசெய்து முடித்தபோது, கஸ்தூரியம்மாவே வந்துவிட்டார்.

"அம்மா மூஞ்சி கோணுச்சுன்னா உனக்கு வேலை இல்ல நைனா" என்று காதைக் கடித்தார் கஜபதி.

திரை முழுக்கத் தன் பெயரைப் பார்த்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"அம்சமாக் கீது தம்பி! எது மேல போடப்போறீங்க? முழுசாக் காட்டு."

ஜெயபால் படத்தைச் சுருக்கினான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோடாக நிதானமாக வரைந்தது. மூடி வந்தது. கம்பி வந்தது. கதவு வந்தது.

"எலிப்பொறியா?"



"இதுல மாட்டினா தப்பவே முடியாது கஸ்தூரி. அதான் உன் பேரு..." என்று இழுத்தார் கஜபதி.

அம்மா ஜெயபால் பக்கம் திரும்பினார். "என் பேரு இருக்கட்டும் தம்பி. உள்ள எலி நிக்கிற எடத்துல இவரு பேரையும் போட்டுடு."

ஜெயபால் முதலாளியைப் பார்த்தான்.

"சின்ன எழுத்தாப் போடு நைனா" என்றார் கஜபதி.