கோட்டைக்குள் திருவிழா

"எலே தங்கையா, இது விளையாட்டா, எழவு வீடா? நிறுத்து அந்த டேப்பை!"

சுகிர்தபாய் போட்ட சத்தத்தில் தம்பி தங்கையன் சட்டென்று பொத்தானை அமுக்கினான். கல்ஃபிலிருந்து வந்த காசெட்டில் அவள் கணவன் பொன்னுதாசின் குரல் பாதியில் நின்றது.

"அத்தானுக்குப் புது ரசனை வந்திருக்கு அக்கா. நாட்டையே மாத்தச் சொல்லுதாரு."

"இதுக்குப் பேரு ரசனையாலே?"

இந்த விளையாட்டே தங்கையன் மூளையில் உதித்ததுதான். காரோடு ஊர் வாசகசாலையில் நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்து, ஏழுமலை என்று இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கிச் சொல்வான். மற்றவர்கள் அந்த நாட்டுச் சேவகர்கள். என்ன செய்யப் போகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை உருட்டிப் போடும் சோழி சொல்லும். கடைசியில் அந்த நாட்டை ஆளும் தம்புரானைத் தோற்கடித்து, ஆளுக்குப் பத்து சென்ட் நிலம் பிரித்துக்கொள்வார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது பொன்னுதாசின் அப்பனுக்கு நிஜமாகவே அப்படித்தான் பத்து சென்ட் கிடைத்தது. அதனால் அந்தக் கட்டம் வந்தால் வாசகசாலையே அதிரச் சிரிப்பார்கள்.

பொன்னுதாஸ் கல்ஃபுக்குப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஊருக்கு வருகிறவர் கையில் காசெட் வரும், திரும்பிப் போகிறவர் கையில் கதை போகும். அங்கே அவனும் பக்கத்து ஊரான திருப்புறத்துச் சத்தியராஜும் ஒரே அறையில் இருந்து ஆடினார்கள். கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டாத மனுஷன், காசெட்டில் மட்டும் வாய் நிறையப் பேசுவான். சுகிர்தபாய்க்கு அந்தக் குரல்தான் உயிர்.

"இன்னொரு மட்டம் போடு, கேக்கட்டும்" என்றாள்.

பொன்னுதாஸ் பேசினான். "மக்கா தங்கையா, பழைய நாடு போதும். புதுசுல தம்புரான் கோட்டைய வெளிய இருந்து பூட்டிப் போட்டான். சேவகமாருக்க முத்திரை மோதிரத்தையெல்லாம் பிடுங்கி வச்சிருக்கான்; அது இல்லாம எல்லையத் தாண்ட ஒக்காது. குடிக்க உப்புத் தண்ணியாக்கும். எனக்க சேவகன் காய்ச்சல்ல கிடக்கான், வைத்தியன உள்ள விட மாட்டேங்கான். வெளிய உள்ளவிய வந்து திறந்தாத்தான் உண்டு. சுகிர்தத்திட்டயும் கேட்டுச் செய்யி."

"பாத்தியா? எங்கிட்ட கேக்கச் சொல்லுதாரு. அப்ப நான் சொல்லுதேன், அந்தப் பூட்டை எடு!"

தங்கையன் பாறசாலையில் அச்சுக்கோர்க்கிறவன். விளையாட்டைக்கூடப் பதிப்பு என்றுதான் சொல்வான். "அக்கா, முதல் பதிப்பு முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும். ரெண்டாம் பதிப்புல கொஞ்சம் இருட்டு இருக்கட்டுமே. அப்பத்தான் ஆட்டத்துல ஒரு பிடிப்பு உண்டு."

"பிடிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மூணு வருஷமா அந்த வெயில்ல கிடக்க மனுஷன், ராத்திரியும் இதையே நெனச்சா மனசு விட்டுப் போவாதா? அடுத்த வீட்டுக் குஞ்சம்மாவுக்க மாப்பிள கல்ஃபுல இருந்து வந்து சுவரப் பாத்துட்டே இருக்காரு, நீ கண்டதில்லியா? எனக்க மாப்பிள சிரிச்சிட்டு வரணும்லே. கட்டுத வீடு கூரை இல்லாம பாதியில நின்னா நிக்கட்டும், அவரு எனக்கு முழுசா வேணும்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காள் அழுதால் தங்கையனால் தாங்க முடியாது. பேனாவை எடுத்துக் கோட்டையைத் திருத்த ஆரம்பித்தான்.

பனச்சமூட்டுச் சந்தையில் புது பேட்டரி வாங்கி வந்தாள் சுகிர்தபாய். தம்புரானுக்கு மனசு இளகி வாசலைத் திறந்துவிட்டதாகத் தங்கையன் கதை சொன்னான். தேவாலயத் திருவிழாவின் பேண்டு வாத்தியத்தையும் பதிவு செய்து சேர்த்தார்கள். கடைசியில் அவளே பேசினாள். "ஒங்க சேவகனுக்குக் கஷாயம் குடுத்து எழுப்பியாச்சு. இனி பூட்டு, இருட்டுன்னு பேசப்பிடாது, கேட்டியளா?"

பதில் காசெட்டில் பொன்னுதாஸ் அதிகம் பேசவில்லை. "பூட்டு அப்படியேதான் கிடக்கு சுகிர்தம். நீ திறந்தது வேற வாசல்."

"பிடிவாதத்தப் பாரேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்னும் பெரிய திருவிழாவாக ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினார்கள். யானையெல்லாம் வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து காசெட்டே வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் சத்தியராஜ் வந்து நின்றான். கையில் பெட்டி இல்லை, உடம்பில் பாதி இல்லை. சுகிர்தபாய் பதறிப்போய் உட்கார வைத்துக் கட்டன் சாயா கொடுத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லாம வந்திருக்கியே மக்கா! அவரு வரல்லியா? நாங்க அனுப்பின திருவிழா கேட்டியளா? சிரிச்சாரா?"

"சிரிச்சது சூப்பர்வைசராக்கும்."

"அது ஆரு?"

"கேம்புக்கு வாற, அங்கேருந்து போற கடுதாசி, காசெட்டு எல்லாம் அவன் பாத்துக் கேட்டுத்தான் விடுவான். நம்ம பக்கத்து ஆளு, தமிழும் மலையாளமும் தெரியும். உள்ள நடக்கதுல ஒரு வார்த்த இருந்தாலும் டேப்ப உருவிப் போடுவான். விளையாட்டுன்னா மட்டும் சின்னப்பிள்ளைக் கூத்துன்னு சிரிச்சிட்டு விட்டுருவான்."

தங்கையன் எழுந்து போய் அத்தானின் பழைய காசெட்டைத் தேடி எடுத்தான். சுகிர்தபாய்க்கு இன்னும் பிடிபடவில்லை. "நீ எப்படி வந்தே?" என்றாள்.

"தண்ணி லாரியில ஒளிஞ்சு வெளிய சாடினேன். பாஸ்போர்ட்டு அவன் கையில இருக்கதனால போலீசு பிடிச்சு ஜெயில்ல போட்டு, அங்கேருந்து பிளேன்ல ஏத்தி விட்டாவ. பொன்னுதாஸ் அண்ணனையும் கூட வர விளிச்சேன். அவருக்கு எழும்ப ஒக்கல்ல."

சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, காய்ச்சல்ல கிடக்கது கதையில வாற சேவகன் இல்ல."