நாலாவது கியர்

பஞ்சலிங்கம்தான் முதலில் எனக்குத் துரோகம் செய்தவன். எண்பத்துநாலில் தன்னுடைய மினி வானை எனக்கு விற்றபோது, கலனுக்கு முப்பத்தாறு மைல் ஓடும் என்று சொன்னான். ஒரு கலன் ஆறு போத்தல். அப்படியென்றால் போத்தலுக்கு ஆறு மைல். அதையும் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று சொன்னான்.

என் கையில் அந்த வான் ஒரு நாளும் போத்தலுக்கு நாலு மைலுக்கு மேல் ஓடவில்லை.

சங்கானைச் சந்தையில் வைத்து, நாலு பேருக்கு முன்னால் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு ஓடும் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றோடு அவனோடு கதை பேச்சு இல்லை. கலியாணவீடு, செத்தவீடு ஒன்றுக்கும் போக்குவரத்தும் இல்லை. எங்கள் ஊர் பண்டத்தரிப்பில் யார் என் வானில் வாடகைக்கு ஏறினாலும், பஞ்சலிங்கம் ஒரு பொய்யன் என்று அறிந்துகொண்டுதான் இறங்குவார்கள்.

எட்டு வருடம் போனது. பெற்றோல் வருவது நின்று, வாகனங்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடக்கிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயில் இழுக்கும். அந்த மண்ணெண்ணெயும் இரண்டு கிழமையாகச் சங்கக்கடைக்கு வரவில்லை. என் வான் சும்மா நின்றது.

ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும். பஞ்சலிங்கம் என் படலையைத் திறந்துகொண்டு வந்தான். மேலில் சேட்டுக்கூட இல்லை.

மகள் இராசமலருக்கு விடியவே வலி தொடங்கிவிட்டதாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தப்பாது என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாளாம்.

நான் வாய் திறக்க முன்னமே என் மனைவி ஞானாம்பிகை விளக்குகளில் இருந்த மண்ணெண்ணெயை வடிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டிலிருந்ததையும் சேர்த்து இரண்டு போத்தல் வந்தது. ஆஸ்பத்திரி பத்து மைல்.

"ரெண்டு போத்தலுக்கு எட்டு மைல்தான். ஆனைக்கோட்டையோடை நிண்டிடும்," என்றேன். "பிறகு மகளை நடுறோட்டிலை வச்சுக்கொண்டு என்ன செய்யப் போறாய்?"

"பன்னிரண்டு மைல் ஓடும் அண்ணை."

அந்த நேரத்திலும் அவன் பொய்யை விடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வான் திறப்பை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"அப்ப நீயே ஓட்டு. உன்ரை வாயாலை சொன்ன மைலை நீயே ஓடிக் காட்டு."

இராசமலரைப் பின்னால் கிடத்தினோம். பக்கத்தில் மருத்துவிச்சி இருந்தாள். நான் முன்னால் அவனுக்குப் பக்கத்தில் ஏறினேன்.

சங்கானை தாண்டியதும் அவன் கியர் தடியை இன்னொரு தரம் மாற்றினான். வானின் சத்தம் அப்படியே அடங்கியது. எட்டு வருடத்தில் அது அவ்வளவு அமைதியாக ஓடி நான் கேட்டதில்லை.

"என்ன போட்டனீ?" என்றேன்.

"நாலாவது."

"உது கொழும்புக்குப் போற நீட்டு றோட்டுக்கெல்லோ?"

அவன் அதே கியரில் விட்டான்.

நான் உழவு மெசினில் ஓட்டப் பழகியவன். குடாநாட்டுக்குள் ஓட மூன்றாவது கியர் போதும், நாலாவது தூரதேசம் போகிறவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

மானிப்பாய் போனது. பின்னால் இராசமலர் முனகுவது கேட்டது. ஆனைக்கோட்டை வந்தபோது நிற்கக்கூடாது என்று நல்லூர்க் கந்தனை வேண்டினேன். நின்றால்தான் அவன் பொய்யன் என்றாகும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டினேன்.

வான் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தேன். தாங்கிக்குள் இன்னும் கால் போத்தல் கிடந்தது.

மத்தியானம் தாதி வந்து, பெண் குழந்தை, தாயும் சுகம் என்றாள். பஞ்சலிங்கம் சுவரோடு சாய்ந்து நின்று அழுதான்.

திரும்பிப் போக எண்ணெய் இல்லை. யாராவது இரண்டு போத்தல் தரும்வரை இருவரும் வானுக்குள் இருந்தோம். நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"பிழை என்ரை ஓட்டத்திலைதான் எண்டு அப்பவே உனக்கு விளங்கினதோ?"

"ஓம். மூண்டாவது கியரிலை கத்திக்கொண்டு எங்கடை படலையாலை போகேக்கையே விளங்கினது."

"பிறகேன் சந்தையிலை சொல்லேல்லை? நான் உன்னைப் பொய்யன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன்."



"அப்பதான் நீங்கள் ஹயர் ஓடத் தொடங்கினனீங்கள். உங்களுக்கு ஓடத் தெரியாதெண்டு அந்தச் சனத்துக்கு முன்னாலை நான் சொல்லியிருந்தா, ஆர் அண்ணை உங்கடை வானிலை ஏறுவினம்?"

அப்போதும் நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து தனியச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

எட்டு வருடம் என் வீட்டுக்கு வராமல் இருந்தது அவன் பிழைதான். அந்தக் கடனை இப்போது கிழமைக்கு ஒருநாள் வந்து, ஞானாம்பிகையின் தேத்தண்ணியைக் குடித்துக் கழிக்கிறான். பேத்தியையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறான். இன்னும் நிறையக் கிடக்கிறது.