வெளியே தெரியாத அன்டெனா

மே மாத வெயிலில் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒருவர் கடைக்குள் நுழைந்தால் அவரைப் பற்றி என்னதான் நினைப்பது? அருமைநாதன் கள்ளன் என்றே நினைத்தார்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவருடையது சின்னக் கடை. போன் கவர், பற்றரி, ரேடியோ, அன்டெனா. லொறிக்காரர்கள் நெடுஞ்சாலையில் ஒருவரோடொருவர் கதைக்கும் சி.பி. ரேடியோவில் வீட்டிலிருந்தே கதைக்க விரும்புகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"தம்பி, சி.பி. ரேடியோவுக்கு அன்டெனா. வீட்டிலை பூட்டுறது. ஆனா ஒருத்தரின்ரை கண்ணிலையும் படக்கூடாது."

"அதுக்கென்ன அண்ணை. நீங்கள் இருக்கிற இடத்திலை தடையோ?"

"கடும் தடை. கூரையிலை ஒரு ஆணி அடிக்கவும் விடாயினம்."

"ஆரோடை கதைக்கிறதுக்கு?"

"அது உமக்கு ஏன்?"

வாசலில் நிறுத்திய கார் விடியும்போது காணாமற் போய், சொந்தக்காரன் பல் துலக்குவதற்குள் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடுகிற ஊர் இது. போனில் கதைத்தால் பொலிஸ் பிடிக்கும். ரேடியோவில் கதைத்தால்? கார்க்கள்ளர் கூட்டத்தின் தலைவனே தன் கடைக்கு வந்துவிட்டதாக அருமைநாதன் நம்பினார். ஆனால் காலையிலிருந்து ஒரு போன் கவர்கூட விற்கவில்லை. கள்ளனும் வாடிக்கையாளன்தானே.

"எங்கை இருக்கிறியள்?"

"டோர்வல் பக்கம்."

"ஊரிலை, யாழ்ப்பாணத்திலை?"

வந்தவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வாய் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டது. "அளவெட்டி."

"அளவெட்டியிலை எவடம்?"

"பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம்."

அவ்வளவுதான், அருமைநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தாயாரும் அளவெட்டி. அளவெட்டியில் கள்ளன் பிறந்ததில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மொன்றியல் பொலிசுக்கு இந்த ஒரு கேள்வி தெரிந்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்! வந்தவருக்கு ஸ்டூல் வந்தது, பிளேன்ரீ வந்தது.

"தொப்பியைக் கழட்டுங்கோ அண்ணை, வேர்க்குது. இனி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அவர் தொப்பியைக் கழற்றவில்லை. "யோசிக்காமல் என்ன செய்யிறது? ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரரின்ரை கூட்டம். அதுக்குள்ளை இந்த அன்டெனா விசயம் சரிவராட்டி என்ரை மானம் போயிடும். ஒளிக்கிறதுக்கு என்னென்ன வழி இருக்கு? ஒண்டுவிடாமல் சொல்லும்."

அருமைநாதனுக்கு வேறென்ன வேண்டும்? செய்த வேலையைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள ஆளில்லாமல் அவர் மாதக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். ஒளித்து வைக்கும் தொழிலில் இது ஒரு கொடுமை. திறமாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது.

"இல்-பிசாரிலை ஒரு வீட்டுத்தொகுதி இருக்கு அண்ணை. பல்கனியிலை துவாய் காயப்போடவும் வீட்டுச் சங்கம் விடாது. அங்கையே நாலு வீட்டுக்குப் பூட்டிக் குடுத்திருக்கிறன். பேர் சொல்லமாட்டன். தொழிலிலை ஒரு நேர்மை வேணும். வீட்டு நம்பரை மட்டும் சொல்லுறன்."

வந்தவர் கொப்பியும் பேனையும் எடுத்தார்.

"மூண்டாம் நம்பர். வாசலிலை கியூபெக் கொடி பறக்குது. கொடிக்கம்பந்தான் அன்டெனா. சங்கத்துத் தலைவர் நிண்டு பார்த்து, நல்ல நாட்டுப்பற்று எண்டு புகழ்ந்திட்டுப் போறவராம்."

வந்தவர் இருமினார்.

"ஏழாம் நம்பர். மழைத்தண்ணி ஓடுற பீலிக்குப் பின்னாலை கம்பி. பன்னிரண்டு, குருவிக்குத் தீன் வைக்கிற கம்பம். குருவியும் வருது, லொறிக்காரன்ரை குரலும் வருது."

"நாலாவது?"

அருமைநாதன் குரலைத் தணித்தார். "அதுதான் அண்ணை எல்லாத்திலும் திறம். பதினெட்டு. ஒரு மனுசி தனிய வந்து கேட்டவ. அவவின்ரை தமையன் லொறி ஓட்டுறார். பத்து வருசத்துக்கு முன்னம் மகளின்ரை சாமத்தியவீட்டுக்குத் தாய்மாமன் பிந்தி வந்திட்டாரெண்டு புருசன் கோவிச்சவராம். அண்டைக்கு நிண்ட கதைபேச்சு. இவவையும் கதைக்க விடுறேல்லை, போனை வாங்கிப் பார்ப்பாராம். ஆள் வெளியாலை போன நேரம் பார்த்து, கூரைக்குக் கீழை பரணுக்குள்ளை ஒன்பதடிக் கம்பி ரெண்டை இழுத்துவிட்டன். செவ்வாய்க்கிழமையளிலை தமையன் நாப்பதாம் நெடுஞ்சாலையாலை போகேக்கை பத்து நிமிசம். சாப்பிட்டியோ, சுகமோ, அவ்வளவுதான். பாவம் அண்ணை அந்தப் பிள்ளை, ரேடியோவிலை முதல்நாள் தமையன்ரை குரல் கேட்டவுடனை அழுதிட்டுது. அந்த மடையன் கீழை இருந்து ரீவி பார்க்கிறானாம், தலைக்கு மேலை அன்டெனா!"

வந்தவர் இதை எழுதவில்லை.

"பதினெட்டோ? வடிவாய்த் தெரியுமோ?"

"என்ரை கையாலை பூட்டினது அண்ணை. உங்களுக்கு எது தரட்டும், கொடிக்கம்பமோ, பரணோ?"

"பேந்து வாறன்." அவர் கொப்பியைச் சட்டைப்பைக்குள் திணித்தார். "தம்பி, இதை வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

"சீச்சீ, என்னைப் பற்றி என்ன நினைச்சியள்?"

பிளேன்ரீ அப்படியே ஆறிக்கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், களவாக அன்டெனா பூட்டியவர்களை ஒருவர்விடாமல் பிடித்துக் காட்டுவதாகச் சபதம் செய்திருந்த இல்-பிசார் வீட்டுச் சங்கத் தலைவர் தியாகலிங்கம் எழுந்து, தாமே மாறுவேடத்தில் போய்த் துப்புத் துலக்கியதாகவும், பதினெட்டாம் நம்பரான தமது வீடு உட்படத் தொகுதியில் எங்குமே அன்டெனா இல்லையென்றும் அறிவித்தார்.