சிலி வானத்து மேகம்

கல்லூரி ஆசிரியர் அறையில் காலை டீ ஆறிக்கொண்டிருந்தது. ஞானதாஸ் கைப்பேசியில் சிலி மலையுச்சியின் இரவு வானத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் முன் இன்று செண்பகவல்லி உட்கார்ந்திருக்கிறாள். கூட ஆராய்ச்சி செய்தவள், ஜெர்மனி, ஹாலந்து என்று பறந்துவிட்டாள். அதில் ஒரேயொரு கேலக்ஸியைப் பார்க்க நேரம் கேட்டு இவன் போட்ட விண்ணப்பங்களோ எல்லாமே திரும்பி வந்தன.

திரையோரத்தில் ஒரு மேகம் தலைகாட்டியது.

"வாடி என் ராசாத்தி" என்று விரலால் அதைத் தடவிக்கொடுத்தான். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைய மறைய வயிற்றெரிச்சல் அடங்கியது.

போன் அடித்தது. செண்பகவல்லிதான்.

"உன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன்டா. இந்த ராத்திரி முழுக்க உன் கேலக்ஸிக்குன்னுதான் கேட்டு வாங்கினேன். பாழாப்போன மேகம் வந்துடுச்சு."

அவன் சட்டை நுனியால் திரையை அழுத்தி அழுத்தித் துடைத்தான்.