வலப்பக்கக் கணினி

அறந்தாங்கிக்கு வந்து ஆறு நாள் ஆகியும் பெலிக்ஸின் கைபேசிக்கு மட்டும் விடுப்புக் கிடைக்கவில்லை. அன்று காலை துபாயிலிருந்து சக பொறியாளர் முத்துராஜ் அழைத்தார்.

“அண்ணே, மொதலாளியோட ஜெட் ஒரு வாரத்துக்கப்பறம் இன்னைக்குத்தான் கெளம்புது. வழி சொல்ற கம்ப்யூட்டர் ரெண்டும் ஒத்துப்போகல. எடது ஒண்ணு சொல்லுது, வலது ஒண்ணு சொல்லுது.”

“ரெண்டும் பொய் சொல்லாது. உள்ள ஏத்துன தகவல் எந்தத் தேதிக்குரியதுன்னு பாரு.”

“எடதுல புதுசு. வலதுல போன மாசத்தது.”

பெலிக்ஸுக்குச் சினம் மூண்டது. “ரெண்டுலயும் ஏத்தியாச்சுன்னு கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யாரு? அவனை மொதல்ல வேலைய விட்டு அனுப்பணும். லாக் புக்குல பேரைப் படி.”

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது.

“ஒங்க கையெழுத்துதாண்ணே.”

பெலிக்ஸ் நாற்காலியில் அமர்ந்தார். இடப்பக்கக் கணினியில் ஏற்றி முடித்தது நினைவிருந்தது. உடனே ஊரிலிருந்து அழைப்பு வந்ததும் நினைவிருந்தது. வலப்பக்கம் நினைவில் இல்லை.

“நானே ஏத்திவிட்டுர்றேன். வெளிய தெரிய வேணாம்ணே.”

“தெரியணும். லாக் புக்குல எழுது.”

“வேலை போயிருமே! சரி, காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல அப்பா தவறிட்டாருன்னு எழுதிர்றேன்.”

ஏழாம் நாள் பூசைக்குப் புறப்பட வாசலில் வேன் காத்திருந்தது.

“அப்பாவ இதுல இழுக்காத, முத்துராஜ். நான் தவறிட்டேன்னு எழுது.”